ஐந்தொகையில் வராதது

நெஞ்சில் வலி உண்டா என்றார்.
இல்லை.
படியேறினால் மூச்சு வாங்குமா?
இரண்டு மாடி ஏறித்தான் வந்தேன், லிப்ட் ரிப்பேர்.
சிரித்துக்கொண்டே எழுதினார் டாக்டர் மும்தாஜ்:
இரவில் ஒன்று, இதயத்துக்கு.

செக்காலை ரோட்டு மருந்துக்கடையில்
சர்க்கரை மாத்திரையோடு
அதையும் ஒரு பட்டை எடுத்து வைத்தான் பையன்.
வெள்ளை. நீள்வட்டம்.
புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை.

என் பெயர் தண்ணீர்மலை. வயது ஐம்பத்து நான்கு.
காரைக்குடி அடகுக்கடையொன்றில்
முப்பது வருஷமாகக் கணக்கு.
வாங்கிய கடனுக்கு வட்டி கேட்டுப் பழகியவன்.
வாங்காத கடனுக்கு
மாதம் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்
யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

"கொழுப்பு சரியாத்தானே இருக்கு?"
"சர்க்கரை இருக்கே."
மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு குழாய் வரைந்தார்.
பன்னிரண்டு வருஷச் சர்க்கரை
அதன் உட்சுவரை என்ன செய்திருக்கும் என்று
பேனாவால் குத்திக் குத்திக் காட்டினார்.
நரம்பையும் அது மழுக்கிவிடுமாம்.
மாரடைப்பே வந்தாலும்
ஓர் ஏப்பம் போல வந்து போகலாமாம்.
"வலிச்சாத்தான் மருந்துன்னு இருந்தீங்கன்னா,
உங்களுக்கு வலிக்காமலே போயிரும்."

நூறு பேர் வருஷக்கணக்கில் விழுங்கினால்
அதில் நாலைந்து பேர் தப்பிப்பார்களாம்.
யார் அந்த நாலைந்து?
"எனக்குத் தெரியாது. அவங்களுக்கே தெரியாது."

கார்த்திகை தீபத்தன்று கெண்டைக்கால் பிடித்தது.
மாத்திரையேதான் என்றான் அயித்தியாண்டி சாத்தப்பன்.
அவனுக்கும் சர்க்கரை.
கந்தரப்பத்தைத் தவிர
எதையும் அவன் விழுங்குவதில்லை.
அன்றிரவே நிறுத்தினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

அன்றுதான் வீட்டில் நோன்புக்கு நூலெடுக்கத் தொடங்குவது.
கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை
உருவி வைப்பாள் சீதை.
அவள் பக்கம் இழை ஏறியது.
என் பக்கம் மாத்திரை இறங்கவேயில்லை.
கால்வலி மட்டும்
இரண்டு பக்கமும் சேராமல் அப்படியே நின்றது.

பிள்ளையார் நோன்பு இரவு
இருபத்தொரு இழையும் திரியாகி மாவில் நின்று எரிய,
சுடரோடு வாயில் போட்டு விழுங்கினேன்.
வருஷா வருஷம் செய்வதுதான்.
வராத விக்கினத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் நெருப்பு.
எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை,
ரசீதும் கேட்டதில்லை.
நாக்கில் வெல்லம், நெய்,
கருகிய நூலின் ஒரு துளிக் கசப்பு.

இலையை எடுக்கக் குனிந்தவள்
மாத்திரைப் பட்டையை என் முன்னால் வைத்தாள்.
"இதுலயும் இருபத்தொண்ணு.
நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

டாக்டர் திட்டவில்லை.
ரத்தம் எடுத்துப் பார்த்தார்,
வேறொன்றை, அளவைக் குறைத்து எழுதினார்.
கால்வலியில் பாதி போனது.
மீதி என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பங்குனிக் கடைசி. கணக்கு முடிக்கிறேன்.
கடைக்கணக்கு ஒரு பைசா பிசகாமல் நேராகிவிட்டது.
வீட்டுக் கணக்கில்
பற்றுப் பக்கம் மருந்துச் செலவு,
எதிரே என்ன எழுத?
நடக்காத ஒன்றை
எந்தத் தேதியில் வரவு வைப்பது?
சாத்தப்பன் இன்று போன் செய்தான்.
தேவகோட்டையில் கல்யாணமாம்,
இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தானாம்.
அவனும் நன்றாகத்தான் இருக்கிறான்.
அதுவும் கணக்கைக் குழப்புகிறது.

மணி பத்து.
விளக்கை அணைத்தாயிற்று.
இருட்டில் பட்டையைத் தடவி அழுத்துகிறேன்,
டப்பென்று ஒரு சின்னச் சத்தம்.
அதற்குத்தான் விழித்திருந்தவள் போல
சீதை
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.